அரிசி தீரவில்லை, அடுக்கு மட்டும் காலியானது ஏன்?

2020 பிப்ரவரி 7ஆம் தேதி, கிருமித்தொற்று தொடர்பான விழிப்புநிலையை சிங்கப்பூர் ஆரஞ்சுக்கு உயர்த்தியது. அன்று மாலையே பேரங்காடிகளில் நீண்ட வரிசைகள். அரிசி, நூடல்ஸ், கழிவறைத்தாள் வைத்திருந்த அடுக்குகள் காலியாயின. போதிய கையிருப்பு உள்ளதாக வர்த்தக, தொழில் அமைச்சர் சான் சுன் சிங் உறுதி கூறினார். ஒரே இரவில் யாருடைய பசியும் கூடிவிடவில்லை.

மாதம் ஒரு பை அரிசி வாங்கும் குடும்பம் பயத்தில் மூன்று பை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் புரியாத தேக்கா மளிகைக்கடைக்காரர் நான்கு மடங்கு கேட்பார். அவரை நம்பி மொத்த வியாபாரி ஐந்து மடங்கு கேட்பார். சரக்கு கப்பலில் வந்து இறங்கும்போது வீட்டில் பழைய அரிசியே தீர்ந்திருக்காது. கடைக்காரரின் பணம் மூட்டைகளில் முடங்கும்.

இதற்குப் பெயர் ‘சாட்டை விளைவு’. கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு. குழந்தைகளின் டயப்பர் தேவை ஏறக்குறைய ஒரே சீராக இருந்தும், தனக்கு வந்த ஆர்டர்கள் ஏறி இறங்குவதை பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் கண்டது.

பிப்ரவரி 9ஆம் தேதி ஃபேர்பிரைஸ், ஒருவருக்கு அரிசி இரண்டு பை, நூடல்ஸ் நான்கு பொட்டலம் என வரம்பு விதித்தது. அரிசி இறக்குமதியாளர்கள் கட்டாயக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இங்கு நெடுநாளாக உண்டு. இவை அவசரத்துக்கு உதவும். நிரந்தர மருந்து, உண்மையில் எவ்வளவு விற்றது என்ற கணக்கைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர் மூவரும் பகிர்ந்துகொள்வது. வாங்குபவரின் பங்கு இன்னும் எளிது: வழக்கம்போல் ஒரு பை.