லாரி எஞ்சினில் கூடுதற் கருவிகள் பூட்டுதலும் கம்பெனி உத்தரவாதமும்

பொதட்டூர்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பு, நெல், வேர்க்கடலை, மா முதலியவற்றைப் பயிரிடும் நிலச்சுவான்தார்களுள் பலர், விளைபொருளைத் தாமே ஏற்றிச் செல்லும் பொருட்டு லாரிகளையும் சிறு ‘பிக்கப்’ வண்டிகளையும் சொந்தமாக வாங்கி வைத்திருக்கின்றனர். கரும்பு திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும், காய்கறி சென்னைக் கோயம்பேடு அங்காடிக்கும் உரிய நாளில் போய்ச் சேர்வது இவ்வண்டிகளைப் பொறுத்ததாகும். இவை பெரும்பாலும் கடன்மேல் வாங்கப்படுவன. தவணை தீருமுன் எஞ்சின் கெட்டுப்போகுமாயின், பழுதுச் செலவும் கடனும் ஒருங்கே குடியானவர்மேல் விழும். அச்சமயத்தில் அவருக்குத் துணையாக நிற்பது, ‘வாரண்டி’ என வழங்கும் கம்பெனி உத்தரவாதமே. சில ஆயிரம் ரூபாய் பெறுமான கூடுதற் கருவி ஒன்றினால் அவ்வுத்தரவாதம் கைநழுவிப் போகக்கூடும்.

உத்தரவாதத்தின் தன்மை

உத்தரவாதம் என்பது, வண்டியின் உறுப்புக்களில் பொருட்குற்றமோ செய்குற்றமோ காணப்படின், குறித்த காலத்திற்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள் அவற்றைக் கம்பெனியார் இலவசமாகச் சீர்செய்து தருவதாகக் கூறும் ஒப்பந்தமாகும். வண்டிக்காரர் தாமே உண்டாக்கிய கேட்டுக்கு அது பொருந்தாது. வண்டியுடன் கொடுக்கப்படும் உத்தரவாதப் புத்தகத்தில், கம்பெனி அங்கீகரிக்காத மாறுதல்களைப் பற்றிய நிபந்தனை சாதாரணமாகக் காணப்படும். வண்டி வாங்குபவர் பலர் இப்பகுதியைப் படிப்பதில்லை. எஞ்சின் பழுதான பின்னரே அது அவர்கள் கண்ணில் படுகிறது.

கருவிகளும் அவற்றின் விளைவுகளும்

இழுவைச் சக்தியைப் பெருக்கும் என்று விற்கப்படும் சிறு மின்பெட்டியை முதலிற் கூறலாம். இக்காலத்து டீசல் எஞ்சினில், எண்ணெய் ஒரு பொதுக் குழாயில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி உருளைகளுக்குள் பீச்சப்படுகிறது. அவ்வழுத்தத்தை அளக்கும் உணரிக்கும் கணினிக்கும் இடையில் இப்பெட்டி பூட்டப்படுகிறது. அழுத்தம் உள்ளதிலும் குறைவாக இருப்பதாக அது பொய்ச் செய்தி கொடுக்கும். கணினி அதனை நம்பி அழுத்தத்தைக் கூட்ட, எண்ணெய் மிகுதியாய்ப் பாயும். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் எளிதாய் ஏறுவது மெய்யே. ஆயினும் பீச்சுங்குழல், பிஸ்டன், டர்போ, கிளட்ச் ஆகிய யாவும் தமக்கென வகுக்கப்பட்ட அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தையும் பளுவையும் தாங்க நேரிடுகிறது. பழுது நேர்ந்தபின் பெட்டியைக் கழற்றி மறைத்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. வழக்கத்திற்கு மாறான இயக்கத்தின் குறிப்புகள் பல வண்டிகளில் கணினியிலேயே பதிந்திருக்கும்.

அடுத்தது, காற்று மிகுதியாகப் புகும் என்று விற்கப்படும் திறந்த வடிகட்டி. கரும்பு வெட்டும் காலத்தில் வண்டிப்பாதைகளில் எழும் புழுதி மிக நுண்ணியது. வடிகட்டி தளர்வாயின் அத்தூசி எஞ்சினுக்குள் புகுந்து, உருளைகளையும் பிஸ்டன் வளையங்களையும் அரம்போல் தேய்க்கும். எண்ணெய் பூசிய வடிகட்டிகளில், அவ்வெண்ணெய் காற்றளவு காட்டும் உணரியில் படிந்து அதனைக் கெடுத்தலும் உண்டு.

எண்ணெய்க் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்பது மற்றொரு விளம்பரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையார் எரிபொருளைச் சேமிக்கும் எனப்பட்ட 100-க்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க சிக்கனம் தருவதாக ஒன்றையும் காணவில்லை. காந்தத்தால் எஞ்சினுக்குக் கேடு இல்லாவிடினும், கொடுத்த பணம் வீணாகும்.

யூரியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய வண்டிகள் பி.எஸ்.-6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. இவற்றுட் பல டீசல் வண்டிகளில், புகையிலுள்ள நச்சு வாயுவைப் போக்க யூரியாக் கரைசல் பீச்சப்படுகிறது. ‘ஆட்புளூ’, ‘டெஃப்’ என்று கடைகளில் கிடைப்பது இதுவே. இதில் தூய யூரியா 32.5 சதவிகிதமும், எஞ்சியது உப்பு நீக்கிய நீரும் ஆகும்.

வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கிணற்று நீரிற் கரைத்து ஊற்றலாம் என்னும் எண்ணம் குடியானவருக்குத் தோன்றுதல் இயல்பு. அவ்வாறு செய்வது பெருங்கேடாகும். உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. கிணற்று நீரிலோ உப்புக்கள் உள்ளன. இவை பீச்சுங்குழலை அடைத்து, விலையுயர்ந்த வினையூக்கியைப் பாழாக்கும். அன்றியும், மானிய உரத்தை வயலுக்கன்றி வேறு காரியத்திற்குப் பயன்படுத்துதல் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு விரோதமானது. கரைசல் ஊற்றாமலே வண்டி ஓடும்படி கணினியை ஏமாற்றும் பெட்டிகளும், கரித்துகள் வடிகட்டியைக் கழற்றிவிடுதலும் இவ்வாறே விலக்கத்தக்கன.

சட்டம் கூறுவது

பதிவுச் சான்றிலும் உற்பத்தியாளர் குறிப்பிலும் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மற்றொரு புறத்தில், எந்தக் காரணத்தைக் காட்டியும் உத்தரவாதத்தை முழுமையாக ரத்துசெய்யக் கம்பெனியாருக்கு உரிமை உண்டு என்று கருதலாகாது. இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி 14 மோட்டார் கார்க் கம்பெனிகள்மீது ஓர் ஆணை பிறப்பித்தது. வெளிப் பட்டறையில் வேலை செய்தமைக்காக உத்தரவாதம் முழுவதையும் தள்ளும் நிபந்தனை கூடாதென்றும், அவ்வேலையின் குறையால் நேர்ந்த கேட்டின் அளவுக்கே அதனை மறுக்கலாமென்றும் அதிற் கூறப்பட்டது. கம்பெனியார் மேல்முறையீடு செய்தனர். அவ்வாணை கார்களின் பழுதுபார்ப்பைப் பற்றியதே எனினும், அதில் அடங்கிய நியாயம் லாரிக்காரரும் அறியத்தக்கது. அமெரிக்காவிலும் 1975-ஆம் ஆண்டு முதல் இதையொத்த சட்டம் ஒன்று உளது. பின்பக்க விளக்கு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தியிருப்பதைக் காட்டி, அதனோடு தொடர்பில்லாத கியர்ப் பெட்டியின் பழுதை மறுப்பது நியாயமாகாது. அழுத்தப் பெட்டி பூட்டிய எஞ்சினில் பிஸ்டன் உருகியதாயின், கம்பெனியார் மறுப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

கைக்கொள்ளத்தக்க முறை

எக்கருவியையும் வாங்குமுன், அது எண்ணெய், காற்று, புகை, மின்கம்பி ஆகிய நான்கினுள் எதையேனும் தொடுகிறதா என்று பார்த்தல் வேண்டும். தொடுமாயின், உத்தரவாதக் காலம் முடியும்வரை அதனை விலக்குதல் நலம். இன்றியமையாததாயின், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் எழுத்து மூலமாகச் சம்மதம் பெற்றுக்கொள்க. விற்பவரின் வாய்ச்சொல் பின்னர் உதவாது. காப்பீட்டுக் கம்பெனிக்கும் மாறுதலைத் தெரிவித்தல் அவசியம். எண்ணெய் மாற்றியது, வடிகட்டி மாற்றியது முதலியவற்றின் ரசீதுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

உத்தரவாதம் மறுக்கப்படின், எந்த உறுப்பு எக்காரணத்தால் கெட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுக. அதன்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். காரணம் நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்யலாம். தம் ஜீவனத்திற்காகத் தாமே தொழில் செய்யும் பொருட்டு வண்டி வாங்கியவர் நுகர்வோராகக் கருதப்படுவர். வியாபார நோக்கத்துடன் பல லாரிகளை ஓட்டுவோருக்கு அச்சலுகை கிட்டுவது அரிது.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், சந்தை நாட்களில் இக்கருவிகளை விற்க வரும் ஏஜெண்டுகளிடம் ரசீதும் முகவரியும் கேட்டுப் பெறும்படி குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நன்று. உத்தரவாதப் புத்தகம் படிக்க இயலாத மொழியில் இருப்பின், அதன் நிபந்தனைகளைப் படித்துப் பொருள் கூறுதலும் ஓர் உதவியாகும். மேட்டில் சற்று விரைந்து ஏறுவதால் மிஞ்சும் நேரம் சில நிமிஷங்களே. கரும்பு வெட்டி வயலிற் கிடக்கையில் வண்டி பட்டறையில் நிற்குமாயின், நாள்தோறும் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும் நஷ்டத்தை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது.