தேங்காய் சொல்லாததை மின்சாரம் சொல்லும்!
பாறைக்குள் தண்ணீர் தேடும் மீட்டர்

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. அடியில் கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில்தான் தண்ணீர். வெடிப்பு தவறினால் போரில் வருவது வெறும் புழுதி. போட்ட பணம் போச்சு!

கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது ஊர் வழக்கம். நிலத்தடி நீர் நிபுணர்கள் பார்ப்பது மின்தடை மீட்டர். நேர்க்கோட்டில் நான்கு இரும்பு முளை அடிப்பார்கள். வெளி முளை இரண்டில் பேட்டரி மின்சாரம் பாய்ச்சி, உள் முளை இரண்டில் வோல்ட் அளப்பார்கள். ஈரப் பாறையில் மின்சாரம் சுலபமாகப் போகும். காய்ந்த பாறை தடுக்கும். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழம் தெரியும். பிரான்ஸ் நாட்டு கான்ராட் சுலும்பெர்ஜே 1912-ல் தொடங்கிய வித்தை இது.

மீட்டரும் ஏமாறும். ஈரக் களிமண்ணிலும் மின்சாரம் போகுமே! அதனால் பக்கத்துக் கிணற்றையும் பாறையையும் பார்த்த பிறகே இடம் குறிக்க வேண்டும். கடன் வாங்கி போர் போடுகிறவருக்கு அந்த ஒருநாள் தாமதம் லாபமே!