ஆள் எங்கே? பசுவந்தனை, அன்றும் இன்றும்

கல்யாணப் பத்திரிகையில் 'பி.பி.' என்று போட்டு பக்கத்துக் கடைக்காரரின் போன் நம்பரை அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் போன் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். ஆள்தான் அகப்பட மாட்டார். புஞ்சையில் களை எடுக்கிறாரா, கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாரா என்று விசாரிக்க ஒருவர் ஓட வேண்டும்.

பசுவந்தனைப் பக்கத்துக் கரிசலில், ஆட்டுக்கிடை போடும் மேய்ப்பரான கீதாரியைத் தேடுவது இன்னும் பெரிய வேலை. கடைசியாக யார் புஞ்சையில் கிடை மறித்தார், அடுத்து எங்கே அறுவடை முடிந்திருக்கும், எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, ஆடு ஒரு பகலில் எவ்வளவு தூரம் மேயும் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஆள் விடுவார்கள்.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லிக்குப் பேசியதோடு இந்தியாவில் செல்போன் தொடங்கியது. பிறகு எல்லாம் தலைகீழானது: ஆள் உடனே கிடைக்கிறார், இடம்தான் தெரியவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க டவர்களும் ஏறக்குறைய கீதாரியைத் தேடிய கணக்கைத்தான் போடுகின்றன. பையில் சும்மா கிடக்கும் போன் ஒவ்வொரு டவரிடமும் ஆஜர் சொல்வதில்லை. பல டவர்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்தைத் தாண்டும்போதும், இடையிடையே குறித்த நேரத்திலும் மட்டும் தகவல் தரும். அழைப்பு வந்தால், கடைசியாகச் சொன்ன வட்டாரத்து டவர்கள் அத்தனையும் அந்தப் போனைக் கூப்பிடும். பேசிக்கொண்டே பஸ்ஸில் போனால், போன் அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை அளந்து சொல்லிக்கொண்டே வரும். அதை வைத்து அழைப்பு அடுத்த டவருக்குக் கைமாறும்.

நகரத்தில் டவர்கள் நெருக்கமாக நிற்பதால் இந்தக் கணிப்பு சில நூறு மீட்டருக்குள் வந்துவிடும். கரிசல் காட்டில் அப்படி இல்லை. 2ஜி போனின் சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து டவர் தூரத்தை அளக்கும்போது ஒரு படி சுமார் 550 மீட்டர். டவரின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் மூன்று திசைக்குப் பிரித்துக் கட்டியவை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரை ஒரே டவர் பார்த்தால், அரைக் கிலோமீட்டர் அகலமும் பத்துக் கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு வளைவுக்குள் எங்கோ இருக்கிறார் என்றுதான் சொல்லும். 4ஜி-யில் அகலம் 80 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். நீளம் அப்படியே இருக்கும்.

புரட்டாசி, ஐப்பசி விதைப்பில் பாம்பு கடித்தவருக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டர் உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனாலும் "பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டால், "ஓடைக்கு மேக்க, வேப்பமரத்துப் புஞ்சை" என்றுதான் பதில் வரும். உள்ளூர்க்காரருக்கு அதைவிடத் துல்லியமான முகவரி கிடையாது. வெளியூர் டிரைவருக்கு அது ஒன்றுமே சொல்லாது.

ஸ்மார்ட்போன் இருந்தால் கவலை குறைவு. மரமும் மாடியும் மறைக்காத இந்த வெட்டவெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குத்தான் அந்த வசதி இல்லை. ஊராட்சிகள் ஓடை, கண்மாய், புஞ்சைப் பெயர்களை முதியவர்களிடம் கேட்டெழுதி, ஆம்புலன்ஸ்காரர்கள் பார்க்கும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த விதைப்புக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.