குப்பங்களில் தீக்காப்பு

வருந் துன்பத்தை முன்னறிந்து காவாதவனது வாழ்விற்குத் திருவள்ளுவர் காட்டிய உவமை, நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போர். அவ்வுவமையின் உண்மையைக் கண்ணாற் காண விழைவோர், கோடைக்காலத்திற் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு ஒருமுறை சென்று வருவாராக.

திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்தது பழவேற்காடு. அதன் ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்காவிற்கு அடுத்த பெருமையுடையது. 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஈண்டு கோட்டை யமைத்து, பின்னர் வெடிமருந்தும் செய்தனர். அக்கோட்டை யிருந்தவிடம் இன்று முட்புதர் மண்டிக் கிடக்கின்றது. புதரும் ஒருவகையில் வெடிமருந்தே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

அஃது எவ்வாறெனின், ஐப்பசி கார்த்திகை மழையிற் செழித்த புல், பங்குனியில் முற்றும் உலர்ந்துவிடுகின்றது. இடையிடையே சீமைக்கருவேல் முளைத்துச் சருகுகளைத் தேக்கிவைக்கின்றது. சித்திரை வைகாசியில் முற்பகல் மேல்காற்றும் பிற்பகல் கடற்காற்றும் வீசுதலால், ஒருதிசை நோக்கிச் சென்ற தீ மறுதிசைக்குத் திரும்புதலும் உண்டு. குப்பங்களில் தளவீடுகள் பெருகியுள்ளன வாயினும், ஓலைக்கூரைகளும் வலைக்கொட்டகைகளும் இன்னும் உள. நைலான் வலையும் படகு எஞ்சினுக்குரிய எண்ணெயும் அருகருகே இருப்பின், அணையாத ஒரு பீடித்துண்டே போதும். பல நாள் உழைப்பிற் சேர்த்த முதல் ஒரு நாழிகையிற் சாம்பலாகும். தீயணைக்கும் வண்டியோ தொலைவிலிருந்து வருதல் வேண்டும். தீவூர்கள் சிலவற்றிற்குப் படகேறியே செல்லவேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லையோ வெனின், உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 287-ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு இடர்விளையுமாறு தீயை அசட்டையாகக் கையாள்வோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. பழைய தண்டனைச் சட்டத்தின் 285-ஆம் பிரிவும் இக்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை விதித்தது; அபராத வரம்பு மட்டும் 1,000 ரூபாயாக இருந்தது. மற்றும், பெருந்தீக்கு ஏதுவாகும் கட்டிடத்தையும், அத்தகைய பொருளை இட்டுவைத்தலையும் தடுக்க நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறையீடு சென்று, விசாரணை நடந்து, கட்டளை பிறக்குமுன் கோடை கழிந்துவிடும்.

மேலும், விதி பெரும்பாலும் விபத்தின் பின்னரே வருகின்றது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளி யொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரையிற் பற்றி, 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளிற் கீற்றுக்கூரை கூடாதென்னும் கட்டளை அதன் பின்னரே பிறந்தது. எரியுமுன் விதி செய்தற்குரியார் யாவர்? அவ்வவ் வூராரே.

அவ்வாற்றல் பழவேற்காட்டு மக்களுக்குப் புதிதன்று. ஏரியின் மீன்பிடி யிடங்களை உரிமையுடையோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உள்ளது. இன்று ஒருவன் வலைவிரித்த இடத்தில் நாளை மற்றொருவன் விரிப்பான். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். நீருக்குப் பாடு வகுத்தவர் புல்லுக்கும் பாடு வகுத்தல் அரிதோ? மாசி மாதத்திற்குள் வீட்டையும் கொட்டகையையும் சுற்றியுள்ள காய்ந்த புல்லை அகற்றல், பொதுவிடத்தை முறைவைத்துத் துப்புரவு செய்தல், எண்ணெயை வலைக்கு அப்பால் வைத்தல், காற்றுமிக்க வேளையிற் குப்பை கொளுத்தாமை, வாசல்தோறும் வாளியில் மணல் வைத்தல் ஆகிய ஐந்தும் போதுமானவை. எண்ணெயிற் பற்றிய தீயை நீர் பரப்பும், மணலோ அடக்கும்.

எனினும், புல்லென்று கண்டதெல்லாம் களையன்று. மணல்மேட்டைப் பற்றிநிற்கும் அடப்பங்கொடியையும் இராவணன்மீசையையும் பறித்தால், காற்று மணலை வீட்டினுட் கொணரும். ஆதலின் குடியிருப்பின் அருகே களைந்து, கடலோர மேட்டில் விட்டுவைத்தலே அறிவுடைமை. களைதலும் அரிவாளாற் செய்க, தீயிட்டன்று. சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் மீண்டும் தழைக்கும். வேரோடு அகழ்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! கோடை விடுமுறையில் நீவிர் ஊர் சேருங்காற் புல் முன்னரே உலர்ந்திருக்கும். ஆகையாற் பொங்கல் விடுமுறையிலேயே இதனை ஊர்ப் பெரியோரிடம் பேசித் தொடங்குமின். ஒரு பிற்பகல் உழைப்பு ஒரு குப்பத்தைக் காக்கும்.