மணி அடித்தால் கூட்டம்! வாய் திறந்தால் அபராதம்! தெரியுமா?

கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயருக்கு முன்னால் 'ரொட்டேரியன்' என்று போட்டிருக்கும். பெரியப்பா பெயருக்கு முன்னால் 'லயன்'! பஸ் ஸ்டாப் சுவரில் பல் சக்கரம், பூங்கா வாசலில் இரண்டு சிங்கத் தலை. இந்த ரோட்டரி, லயன்ஸ் சங்கக்காரர்கள் வேகாத வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறார்களே, உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது? எட்டிப் பார்த்தால்… அடேங்கப்பா!

ரோட்டரியின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாலே நாலு பேர்! 1905 பிப்ரவரி 23, சிகாகோ, யூனிட்டி பில்டிங், 711-ஆம் எண் அறை. ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் கடைக்காரர். நான்கு பேரில் ஆரம்பித்த ரோட்டரியில் இன்று உலகம் முழுக்க சுமார் 12 லட்சம் பேர்!

கூப்பிட்டவர் வக்கீல் பால் ஹாரிஸ். அப்படியானால் முதல் தலைவர் அவர்தானே? இல்லை! நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல்! அந்த 711-ஆம் அறையாவது ஹாரிஸுடையதா? அதுவும் இல்லை, சுரங்கப் பொறியாளருடையது! இந்த வாரம் உன் ஆபீஸ், அடுத்த வாரம் என் ஆபீஸ் என்று கூட்டம் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் 'ரோட்டரி' என்ற பெயரே!

அன்றைக்கு இவர்கள் கூடியது சேவைக்காக என்று நினைத்தீர்களா? வியாபாரத்துக்காக! ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். நீ என்னிடம் நிலக்கரி வாங்கு, நான் உன்னிடம் சட்டை தைக்கிறேன் என்ற கணக்கு. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைக்க ஒரு புள்ளிவிவரக்காரரே இருந்தார்! 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரக் கூப்பிட்டார்கள். "வெளியாட்களுக்கு ஒன்றும் செய்யாத சங்கத்தில் எனக்கென்ன வேலை?" என்ற தோரணையில் அவர் மறுத்துவிட்டார். அந்த ஒரு மறுப்பு சங்கத்தின் பாதையையே திருப்பிவிட்டது. பிறகு கார்ட்டரும் சேர்ந்தார்!

சரி, அவர்கள் கையில் எடுத்த முதல் பெரிய பொதுப்பணி எது? பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா? பொதுக் கழிப்பறை! சிரிக்காதீர்கள், அதற்கே பெரிய எதிர்ப்பு! எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? பீர் தயாரிப்பாளர்களும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரர்களும்! நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான சலூன்கள், அங்கேதான் கழிப்பறை இருக்கிறதே என்றார்கள் பீர்க்காரர்கள். அவசரத்துக்கு உள்ளே வருகிறவன் ஒரு கிளாஸாவது குடிக்காமலா போவான்? கடைக்காரர்களுக்கும் அதே கணக்குதான். ரோட்டரிக்காரர்கள் விடாமல் போராடி, சிட்டி ஹால் பக்கத்திலேயே கட்ட வைத்துவிட்டார்கள்! பஸ் ஸ்டாண்டில் அவதிப்பட்ட எவருக்கும் இதன் அருமை புரியும். என்னைக் கேட்டால் ரோட்டரி வரலாற்றிலேயே சூப்பர் காரியம் இதுதான்.

கூட்டத்தில் பாட்டுப் பாடும் வழக்கம் எப்படி வந்தது? ஒருவர் மேடையேறி விரசமான ஜோக் ஒன்றை ஆரம்பித்தாராம். ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் துள்ளி எழுந்து, "வாங்கப்பா, பாடலாம்!" என்று எல்லோரையும் பாட வைத்துவிட்டார். ஜோக் அமுங்கிப் போச்சு, பாட்டு நிலைத்துவிட்டது!

'மேக்கப்' போட்டால்தான் உறுப்பினர் பதவி தப்பும் என்று ஒரு காலம் இருந்தது தெரியுமா? பவுடர் மேக்கப் இல்லை! சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால் வேறெந்த ஊர்ச் சங்கத்திலாவது உட்கார்ந்து வருகையை ஈடுகட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் மேக்கப்! மதுரைக்காரர் வேலையாக லண்டன் போனாலும் அங்கே ஒரு கூட்டத்தில் தலையைக் காட்டிவிட்டு வருவார். இப்போது விதி தளர்ந்துவிட்டது.

அடுத்தது லயன்ஸ். இங்கே 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவி உண்டு. அதாவது, வாலை முறுக்குபவர்! வேலை? அபராதம் போடுவது! பேட்ஜ் குத்த மறந்தாயா, எடு காசை! செல்போன் அடித்ததா, எடு காசை! பேத்தி பிறந்தாளா, அந்தச் சந்தோஷத்துக்கும் எடு காசை! ஒரு ஹோட்டல் மாடியில் இப்படி ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். தலைவர் கழுத்தில் பெரிய பதக்கம், மேஜையில் பித்தளை மணி, கையில் குட்டிச் சுத்தியல். 'டங்' என்று ஒரு தட்டு, அரட்டை கப்சிப்! கொஞ்ச நேரத்தில் உண்டியல் கிளம்பியது. பக்கத்து மேஜைக்காரர் டை கட்டாததற்கு ஐம்பது ரூபாய், "ஏன்?" என்று கேட்டதற்கு இன்னொரு ஐம்பது!

ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அபராதம் கூடாது என்று விதியே இருக்கிறது! அப்படியானால் அந்த டெயில் ட்விஸ்டருக்கு யார் அபராதம் போடுவது? வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்கினால்தான் முடியும்! ஒரே ஒரு கை இறங்கினாலும் மனிதர் தப்பித்தார்!

மறுபடி ரோட்டரிக்கு வருவோம். ரொட்டேரியன்களின் மனைவியரை நம்ம ஊரில் 'ஆன்' என்றும் பிள்ளைகளை 'ஆனெட்' என்றும் கூப்பிடுவார்கள். யார் அந்த ஆன்? 1914-ல் ஹூஸ்டன் மாநாட்டுக்குக் கிளம்பிய ரயிலில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு பெண், ஒரு ரொட்டேரியனின் மனைவி ஆன் பிரன்னியர்! 'ரோட்டரி ஆன்' என்று பாட்டுக் கட்டிக்கொண்டே போனார்கள். ஹூஸ்டனில் இறங்கினால் இன்னொரு ரொட்டேரியனின் மனைவி பெயரும் ஆன்! பெயர் ஒட்டிக்கொண்டது.

பாட்டெல்லாம் சரி, உறுப்பினராகப் பெண்களைச் சேர்த்தார்களா? அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது! கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்ச் சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்தது. 'நீங்கள் ரோட்டரியே இல்லை' என்று தலைமை அங்கீகாரத்தைப் பிடுங்கியது. அசந்தார்களா? 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்தார்கள்! 1987 மே 4-ல் தீர்ப்பு, பெண்களைத் தடுக்க முடியாது! 2022-ல் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற கனடாக்காரர் உலகத் தலைவராகவே ஆகிவிட்டார்!

ரோட்டரி அறக்கட்டளைக்கு வந்த முதல் நன்கொடை எவ்வளவு தெரியுமா? 26 டாலர் 50 சென்ட்! அந்த அறக்கட்டளைதான் பின்னாளில் போலியோவோடு மல்லுக்கு நின்றது. 1979-ல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 1988-ல் உலகில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகளை முடக்கிய நோய் அது! 2009-ல் உலகப் போலியோ நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இந்தியாவில்! இரண்டே வருடத்தில், 2011 ஜனவரி 13-ல், ஹவுராவில் ஒரு குழந்தை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் முடங்கிய கடைசிக் குழந்தை அதுதான்! சொட்டு மருந்து பூத்தில் மஞ்சள் ஏப்ரன் போட்டுக்கொண்டு நின்றவர்களில் உங்கள் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சியும் இருந்திருக்கலாம்!

லயன்ஸ்காரர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் கண் முகாமே நடத்துகிறார்கள்? காரணம், ஹெலன் கெல்லர்! 1925-ல் ஒஹாயோவில் அவர்கள் மாநாட்டுக்கே வந்து, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். கேட்டது ஒரு தடவை, நூறு வருஷமாகச் செய்கிறார்கள்! 1930-ல் பியோரியா நகரில், கறுப்புத் தடியோடு ரோட்டைக் கடக்கத் தவித்த ஒருவரை ஒரு லயன் பார்த்தார். கறுப்புத் தடி, வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியவில்லை! வெள்ளை பெயின்ட் அடித்து, சிவப்புப் பட்டை போடச் சொன்னார். அவ்வளவுதான் விஷயம்!

நம்ம ஊர்க் கணக்கு? சென்னையில் ரோட்டரி 1929-லேயே வந்துவிட்டது. பள்ளி மாணவர்களுக்கான இன்டராக்ட் சங்கம் 1962-ல் அமெரிக்காவில் பிறந்ததும், உலகின் முதல் ஒருசில சங்கங்களில் ஒன்று எங்கே தெரியுமா? தஞ்சாவூரில்!

கடைசியாக அந்தப் பல் சக்கரம். முதலில் வண்டிச் சக்கரமாக இருந்தது, பிறகு பல் முளைத்தது. ஆனால் பொறியாளர்கள் பார்த்துவிட்டு, "இது சும்மா சுற்றும், வேலை செய்யாது" என்றார்கள்! ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்க நடுத் துளையில் 'கீ-வே' என்ற வெட்டு இல்லையே! லேத் பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. 1920-களில் அந்த வெட்டைச் சேர்த்தார்கள். மொத்தம் 24 பல், 6 ஆரக்கால், ஒரு வெட்டு. அடுத்த தடவை பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரில் இருக்கும் சக்கரத்தின் பல்லை எண்ணிப் பாருங்கள். 24 இல்லையென்றால் தப்பு பெயின்டர் மேல்தான்!