பெயர் சொல்லாத கப்பல்

ஒரு மணி நேரம் ஓடும் படம். அதன் கதாநாயகி ஒரு கப்பல். ஆனால் படம் முழுவதிலும் அந்த நாயகியின் பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை! 1944-ல் அமெரிக்கக் கடற்படையின் ஆதரவில் தயாரான 'தி பைட்டிங் லேடி', அதாவது 'போரிடும் சீமாட்டி', என்னும் வர்ணப் படத்தைத்தான் சொல்லுகிறோம். யுத்தம் நடந்துகொண்டிருந்தபடியால் பெயர் மறைக்கப்பட்டது. அவள் 'யார்க்டவுன்' என்னும் விமானந் தாங்கிக் கப்பல் என்பது பின்னால் உலகறிந்த விஷயமாயிற்று. அதே பெயர் கொண்ட முந்திய கப்பல் 1942 ஜூனில் மிட்வே போரில் மூழ்கிப் போயிற்று; அதன் பெயரைச் சுமந்துகொண்டு இது 1943 ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்தது.

படத்தைத் தயாரித்தவர் லூயி டி ரோஷ்மான். காமிராக்காரர்களுக்குத் தலைவராயிருந்தவர் எட்வர்டு ஸ்டைக்கன். இவர் முதல் மகா யுத்தத்திலேயே ஆகாயப் புகைப்பட வேலை பார்த்தவர். 1942-ல் கடற்படையில் சேர்ந்தபோது இவருக்கு வயது 62. பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டிய பிராயத்தில் யுத்தக் கப்பலேறிய கிழவரை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஸ்டூடியோவில் ஒரு காட்சி சரியாக அமையாவிட்டால், டைரக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்லலாம். சுமார் 870 அடி நீளமுள்ள இந்தக் கப்பலின் தட்டில் அந்தச் சலுகை கிடையாது. திரும்பி வரும் விமானத்தின் வால் கொக்கி, குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிக்கொண்டால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் காமிராக்காரனும் ஓட வேண்டியதுதான். சுழலும் விசிறிகளுக்கும் பேய்க் காற்றுக்கும் நடுவே, கையில் தூக்கக் கூடிய சிறிய காமிராக்களில் 16 மில்லிமீட்டர் வர்ண பிலிமைப் போட்டு எடுத்தார்கள். பிறகு அதையே கொட்டகைக்கு ஏற்றவாறு பெரிதாக்கினார்கள்.

எல்லாவற்றிலும் அதிசயமானவை, மனிதன் கையில் பிடிக்காத காமிராக்கள் எடுத்த காட்சிகள். சண்டை விமானங்களில் துப்பாக்கிகளோடு சிறு காமிராக்களையும் பொருத்தியிருந்தார்கள். விமானி விசையை அழுத்தியதும் குண்டுகள் புறப்படும். அதே கணத்தில் பிலிமும் ஓடும். சுடுகிற விரலே படமும் பிடிக்கிறது! 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவுகளிலும், ஜூனில் மரியானாத் தீவுகளுக்கருகிலும் நடந்த சண்டைகளை இவ்விதமாகவே கொட்டகையில் உட்கார்ந்தவர்கள் கண்டார்கள். ட்ரக்கில் மட்டும் ஜப்பானியர் 30-க்கு மேற்பட்ட வர்த்தகக் கப்பல்களை இழந்தனர்.

இங்கே நம் மனத்தில் ஒரு சங்கடம் எழாமலில்லை. எதிரி விமானம் தீப்பற்றி விழுவது நன்றாகத் தெரிகிறது. உள்ளே இருந்தவனின் முகம் தெரிவதில்லை. ஒரு கட்சியார் தங்கள் ஜனங்களுக்காக எடுத்த படம் வேறெப்படி இருக்கும்? ஆயினும் தங்கள் பக்கத்து நஷ்டத்தை அவர்கள் ஒளிக்கவில்லை. சற்று முன் சாப்பாட்டுக் கூடத்திலும் மேல்தட்டிலும் சிரித்துக்கொண்டிருந்த இளைஞர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை என்பதைப் படத்தின் கடைசிப் பகுதி தெரிவிக்கிறது. நடிகர் ராபர்ட் டெய்லர், அப்போது தாமும் கடற்படை உத்தியோகஸ்தராயிருந்தவர், இந்தப் படத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார். பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டுக் கொட்டகைக்கு வந்த தாய்மார்கள் அந்தக் கட்டத்தை எவ்வாறு பார்த்திருப்பார்கள்?

சிறந்த விவரணப் படத்துக்குரிய அகாடமி பரிசு 1945-ல் இதற்குக் கிடைத்தது. ஸ்டைக்கன் 1947-ல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் புகைப்படப் பகுதியின் தலைவரானார். கப்பலோ 1975 முதல் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் காட்சிக் கப்பலாக நிற்கிறது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.