நேப்பியர் பாலத்தோட வளைவு... சும்மா அழகுக்கு இல்லை பாஸ்!

மெரினா போகும்போது நேப்பியர் பாலத்துல நின்னு ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீங்க. 2022-ல் செஸ் ஒலிம்பியாட்டுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டப்போ, அது செம வைரல். ஆனா, அந்த வளைவுகள் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா?

கூவம் கடலில் கலக்குற இடத்துக்குப் பக்கத்தில், 1869-ல் முதலில் கட்டப்பட்டது இரும்புப் பாலம். அப்போ மதராஸ் கவர்னரா இருந்த பிரான்சிஸ் நேப்பியரின் பெயர் அப்படியே ஒட்டிக்கிச்சு. கான்கிரீட் வளைவுகள் வந்தது 1940-களில். வண்டிகள் பெருகினதும், 1990-களின் இறுதியில் பக்கத்திலேயே அதே தோற்றத்தில் இன்னொரு பாலமும் வந்தது.

இந்த டிசைனுக்குப் பெயர் 'போ-ஸ்ட்ரிங்'. அதாவது, வில்லும் நாணும்.

வீட்டுலயே செஞ்சு பாருங்க. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜை மேல வளைச்சு நிறுத்தி, நடுவுல அழுத்துங்க. ரெண்டு முனையும் வெளியே நழுவும். இப்போ முனைகளை நூலால இழுத்துக் கட்டிட்டு அழுத்துங்க. நழுவாது! ஸ்கேல்தான் பாலத்தோட வளைவு. நூல் இருக்கிற இடம், நீங்க வண்டி ஓட்டுற தளம். வளைவிலிருந்து இறங்குற கம்பங்கள், அந்தத் தளத்தைத் தொங்கவிட்டுத் தாங்குது.

சாதாரண வளைவுப் பாலம் ரெண்டு கரையையும் வெளிப்பக்கமா உதைக்கும். அதைத் தாங்க கெட்டியான நிலம் வேணும். போ-ஸ்ட்ரிங்கில் அந்த உதையை நாணே வாங்கிக்கும். தூண்கள் எடையைச் சுமந்தா போதும்.

ஆனா ஒரு சிக்கல். கான்கிரீட்டை அழுத்தினா தாங்கும், இழுத்தா விரிசல் விடும். அதனால, எப்பவும் இழுபட்டுக்கிட்டே இருக்கிற நாணுக்கு, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிதான் உயிர். கடற்காற்றோட உப்பு விரிசல் வழியா உள்ளே போனா, கம்பி துருப்பிடிச்சுப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துடும். அதனால கடலோரப் பாலத்துக்குப் புதுப் பெயின்ட் மட்டும் போதாது. விரிசலைத் தேடிப் பார்த்து, அப்பப்போ சரிசெய்யணும்.

அடுத்த முறை அங்கே நின்னா, போட்டோவுக்கு வளைவைப் பாருங்க. அப்படியே உங்க காலுக்குக் கீழே இருக்கிற நாணையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!